இரவு எட்டரை மணி கால்

கேள்வி இதுதான்: "வயது 36. சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு ஐ.டி. சேவை நிறுவனத்தில் டெக் லீட், அதாவது ஒரு குழுவின் தொழில்நுட்பப் பொறுப்பாளர். காலை 10 முதல் மாலை 7 வரை வேலை. செவ்வாய், புதன், வியாழன் அலுவலகம். திங்கள், வெள்ளி வீட்டிலிருந்து. க்ளையன்ட் நியூயார்க்கில். தினமும் இரவு 8.30க்கு அவர்களோடு கால் (போன் மீட்டிங்), முடியப் பத்தரை ஆகும். மனைவி வங்கியில் வேலை பார்க்கிறார். மகள் ஒன்றாம் வகுப்பு. வெள்ளிக்கிழமை 6.30க்கு அவளுக்குப் பாட்டு வகுப்பு. நான்தான் கூட்டிப்போவேன் என்று சொன்னேன். அன்றைக்கு வீட்டில்தான் இருக்கிறேன், ஆனாலும் இதுவரை ஒரு முறைகூடப் போகவில்லை. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே சமநிலை வைத்துக்கொள்வது எப்படி? பேசாமல் வேலையை விட்டுவிடலாமா?"

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். இதே தொழிலில் 23 வருடம் இருந்தேன். கடைசிப் பத்து வருடம் டெலிவரி மேனேஜர், புராஜெக்டை முடித்துக் கொடுக்கும் பொறுப்பு. அதாவது, உங்களைப் போன்றவர்களை ராத்திரியில் கூப்பிட்ட ஆள் நான்தான். அதனால் இந்தப் பதிலில் கொஞ்சம் வாக்குமூலமும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலையை இப்போதைக்கு விடாதீர்கள். "மனதை உறுதியாக வைத்துக்கொண்டு ஏழு மணிக்கு லேப்டாப்பை மூடுங்கள்" என்றும் சொல்ல மாட்டேன். அந்த அறிவுரையை நானே பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன், ஒருவருக்கும் பலித்ததில்லை. ஏழு மணிக்கு மூடுவீர்கள். எட்டரைக்கு யாரோ உங்கள் பெயரைச் சொல்லி "இருக்கிறாரா?" என்று கேட்பார். திறந்துவிடுவீர்கள். உறுதி போதாததால் திறப்பதில்லை. நீங்கள் இல்லாமல் அந்த வேலை நகர ஓர் ஏற்பாடு அங்கே இல்லை, அதனால் திறக்கிறீர்கள். நான் சொல்லப்போவதெல்லாம் அந்த ஏற்பாட்டைப் பற்றித்தான்.

கணக்கிலிருந்து ஆரம்பிப்போம். வாரத்துக்கு 168 மணி நேரம். உங்கள் அலுவலக வேலை ஐந்து நாளுக்கு 45. இரவு கால் 10. மூன்று நாள் போக்குவரத்து, போகவர இரண்டரை மணி என்று வைத்தால் ஏழரை. தூக்கம் ராத்திரிக்கு ஆறரை மணி வீதம் 45.5. கூட்டினால் 108. மீதி 60 மணி நேரம். இதில் சனி ஞாயிறு விழித்திருக்கும் நேரமே 35. அப்படியானால் வேலைநாளில் தினம் ஐந்து மணி நேரம் உங்கள் கையில் இருக்கிறது.

ஐந்து மணி நேரமா, எங்கே என்று கேட்பீர்கள். அதில் குளியல், சாப்பாடு, காலையில் மகளை வேனில் ஏற்றுவது எல்லாம் போகும், சரி. ஆனால் பெரிய ஓட்டை ஏழு மணிக்கும் எட்டரைக்கும் நடுவே இருக்கிறது.  அந்த ஒன்றரை மணி நேரம் வேலையும் இல்லை, ஓய்வும் இல்லை. கால் வரப்போகிறது என்கிற நேரம். அதற்கு முன்பே வேலை எதுவரை வந்திருக்கிறது என்ற வாராந்திர ஸ்டேட்டஸைத் தயார் செய்யவேண்டும், யாராவது கேள்வி கேட்டால் பதில் வேண்டும், மென்பொருள் சரியாக ஓடுகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடலாம். இப்படி ஆறு மணியிலிருந்தே எட்டரை மணி கால் உங்களைத் தின்ன ஆரம்பித்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை வீட்டில் இருந்தும் 6.30 பாட்டு வகுப்புக்குப் போக முடியவில்லை என்றால் காரணம் இதுதான். இரண்டு மணி நேரக் கால் என்று நினைக்கிறீர்கள். உண்மையில் அது நான்கரை மணி நேரக் கால்.

என் பெரியவளுக்கு நான்கு வயது இருக்கும்போது சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அம்மா ஒரு பொம்மை, பாப்பா ஒரு பொம்மை. அப்பாவுக்கு பொம்மை கிடைக்கவில்லை போல, உயரமான தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்தாள். அதைக் கொண்டுபோய் பக்கத்து அறையில் நிறுத்திவைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "அப்பா வேண்டாமா?" என்று கேட்டேன். "அப்பா கால்ல இருக்காரு" என்றாள். கோபமெல்லாம் இல்லை, மிக இயல்பாகச் சொன்னாள். ஆட்டம் தொடர்ந்தது. அரை மணி நேரம் பாட்டில் அங்கேயே நின்றது.

சரி, அந்த எட்டரை மணி யார் வைத்தது? கண்டுபிடியுங்கள், உங்கள் முதல் வேலை அதுதான். கோடையில் நம் எட்டரை மணி என்பது நியூயார்க்கில் காலை பதினொன்று. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அவர்களுக்கு அதே பதினொன்றுதான், நமக்கு ஒன்பதரை ஆகிவிடும். மார்ச் இரண்டாவது ஞாயிறு வரை அப்படித்தான். அவர்கள் ஊரில் யாரோ கடிகாரத்தைத் திருப்பினால் மேடவாக்கத்தில் ஒரு வீட்டில் இரவுச் சாப்பாட்டு நேரம் மாறுகிறது. பதினொன்று என்பது அவர்கள் பக்கம் ஒரு சௌகரியமான நேரம். காபி குடித்து, மெயில் பார்த்து, உள் மீட்டிங் முடித்துவிட்டு வருகிற நேரம். அதையே ஒன்பதுக்கு வைத்தால் நமக்கு கோடையில் 6.30, குளிர்காலத்தில் 7.30.

என்னிடம் இருந்த ஒரு புராஜெக்டில் இதே கதை நடந்தது. மூன்று வருடமாக இரவு ஒன்பது மணிக்கு கால். ஒருநாள் க்ளையன்ட் பக்க மேனேஜரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன், நேரத்தை முன்னால் கொண்டுவர முடியுமா என்று. அந்தம்மா ஆச்சரியப்பட்டார். "உங்கள் ஆட்கள்தான் இந்த நேரம் வசதி என்று சொன்னதாக எனக்குச் சொல்லப்பட்டது" என்றார். எங்கள் பக்கத்தில் யாரோ ஒருவர், அவர் கம்பெனியை விட்டே போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது, தாராள மனதோடு அப்படிச் சொல்லிவைத்திருக்கிறார். அடுத்த வாரமே நேரம் மாறியது. பதினான்கு பேரின் மூன்று வருட இரவுகள் கேட்காத ஒரு கேள்வியால் போயிருந்தன. இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. அந்த மூன்று வருடத்தில் இரண்டு வருடம் நானே மேனேஜர்.

கேட்கும்போது "எனக்குக் குடும்பம் இருக்கிறது, கொஞ்சம் பாருங்கள்" என்று கேட்காதீர்கள். மேனேஜருக்கும் குடும்பம் இருக்கிறது, அவரும் அதே நேரத்தில் காலில்தான் இருக்கிறார். அவர் கையில் ஒரு காகிதத்தைக் கொடுங்கள். இரண்டு வாரம் ஒவ்வொரு காலுக்கும் குறித்துவையுங்கள்: எத்தனை பேர் வந்தார்கள், அதில் எத்தனை பேர் வாயைத் திறந்தார்கள், எந்த முடிவு அந்தக் காலில்தான் எடுக்கப்பட்டது, எது மெயிலிலேயே முடிந்திருக்கும். நான் பார்த்தவரை பாதிக்கு மேல் வெறும் ஸ்டேட்டஸ் வாசிப்பு. ஒருவர் தன் பங்கை வாசிப்பார், மற்றவர்கள் மியூட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

அந்த வாசிப்புக்குப் பதிலாக மாலை ஆறு மணிக்கு ஒரு ஹேண்ட்ஓவர் மெயில் அனுப்பலாம். ஆறே வரி. இன்று முடிந்தது, நடுவில் நிற்பது, எதனால் நிற்கிறது, அதற்கு அங்கே யார் பதில் சொல்லவேண்டும், எப்போதுக்குள், நாளை காலை நாங்கள் முதலில் தொடப்போவது. நான்காவது வரியில் ஆள் பெயர் கட்டாயம் வேண்டும். "டீம் பார்த்துச் சொல்லவும்" என்று எழுதினால் யாரும் சொல்ல மாட்டார்கள், மறுபடி ராத்திரி காலில்தான் போய் நிற்கும். இந்த மெயில் ஒரு மாதம் ஒழுங்காகப் போனால் தினசரி மீட்டிங்கை வாரம் இரண்டாகக் குறைக்கலாம் என்று அவர்களே சொல்வார்கள். அவர்களுக்கும் அந்தக் கால் பிடித்திருக்கிறது என்று நினைக்கிறீர்களா என்ன?

அடுத்தது வாட்ஸ்அப் குழு. இதுதான் இன்றைக்குப் பெரிய தொல்லை, அந்த இரவுக் கால்களைவிட. காலுக்கு முடிவு உண்டு, குழுவுக்கு இல்லை. என் டீமில் ஒரு மாதம் நானே கணக்கெடுத்தேன். இரவு ஒன்பதுக்கு மேல் வந்த செய்திகளில், அன்றிரவே பதில் சொல்லியிருக்கவேண்டியவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டன. மற்றதெல்லாம் காலையில் பார்த்திருக்கலாம். ஆனால் எது அந்த ஐந்தில் ஒன்று என்று தெரியாததால் எல்லாவற்றையும் எல்லோரும் படித்துக்கொண்டிருந்தோம். அப்புறம் ஒரு விதி வைத்தோம்: அவசரம் என்றால் போன் அடிக்கவேண்டும், செய்தி என்றால் நாளைக்கு. போன் அடிப்பதும் எல்லோருக்கும் இல்லை, அந்த வாரம் ஆன்-கால், அதாவது அவசரத்தைப் பார்க்கும் முறை, யாருடையதோ அவருக்கு. பட்டியல் மூன்று மாதத்துக்கு முன்கூட்டியே ஒட்டப்பட்டிருக்கும். அந்த வாரம் முடிந்தால் அவருக்கு ஒரு நாள் காம்ப்-ஆஃப், ஈட்டு விடுப்பு, அது மறுக்கப்படக்கூடாது. விசித்திரம் என்னவென்றால், போன் பண்ணவேண்டும் என்றதும் அவசரங்களின் எண்ணிக்கை தானாகக் குறைந்தது. செய்தி தட்டுவதற்குக் கூச்சம் தேவையில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு ஒருவரை எழுப்பிப் பேச ஒரு காரணம் வேண்டியிருக்கிறது.

இங்கே என் வாக்குமூலம். நான் ராத்திரி பதினொன்றுக்கு மெயில் அனுப்புகிறவன். தூங்குவதற்கு முன் மனதில் இருப்பதையெல்லாம் இறக்கிவைத்துவிடும் பழக்கம். கீழே "அவசரம் இல்லை, நாளை பார்த்தால் போதும்" என்றும் எழுதுவேன், நல்லவனாக. வேலையை விட்டுப் போன ஒரு பையன் கடைசி நாளில் டீக்கடையில் நின்றுகொண்டு சொன்னான்: "சார், நீங்க அவசரம் இல்லைன்னு போடுவீங்க. ஆனா நீங்க அனுப்பிட்டீங்கன்னு தெரிஞ்ச பிறகு எப்படி சார் தூங்குறது?" அதற்கப்புறம்தான் மெயிலைக் காலை ஒன்பதரைக்குப் போகும்படி நேரம் குறித்து வைக்கக் கற்றுக்கொண்டேன். பொத்தான் அத்தனை வருடமும் அங்கேயேதான் இருந்தது. நீங்கள் டெக் லீட். உங்களுக்குக் கீழேயும் ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் இரவை யார் கெடுக்கிறார்கள் என்று பார்க்கும்போது, நீங்கள் யார் இரவைக் கெடுக்கிறீர்கள் என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

இப்போது, யாரும் பேசாத விஷயம் ஒன்று. டைம்ஷீட். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீங்கள் அதில் என்ன போடுகிறீர்கள்? எட்டு, எட்டு, எட்டு, எட்டு, எட்டு. எல்லோரும் அப்படித்தான். பதினொரு மணி நேரம் வேலை செய்துவிட்டு எட்டு என்று போடுகிறோம். க்ளையன்ட்டிடம் பணம் கேட்பது எட்டுக்குத்தான், அதற்கு மேல் போட்டால் கேள்வி வரும். இதனால் சம்பளம் குறைவதில்லை, என்ன போச்சு என்று தோன்றும். என்ன போகிறது என்று நான் சொல்கிறேன். அடுத்த புராஜெக்டுக்கு எஸ்டிமேட் போடும்போது நான் பழைய டைம்ஷீட்டைத்தான் எடுப்பேன். "இந்த அளவு வேலையை ஆறு பேர், எட்டு மணி நேரம், நான்கு மாதத்தில் முடித்திருக்கிறார்கள்" என்று தெரியும். அப்படியே க்ளையன்ட்டுக்குச் சொல்வேன். விற்பனைப் பிரிவு அதிலும் ஒரு ஆளைக் குறைக்கும். ஆக, நீங்கள் எழுதாமல் விட்ட மூன்று மணி நேரம் அடுத்த வருடம் உங்கள் தலையிலேயே வந்து விழுகிறது, இந்த முறை திட்டத்திலேயே அச்சாகி. நம் தொழிலில் நேரம் போதாமைக்குப் பாதிக் காரணம் இந்தப் பொய்க் கணக்கு என்பது என் அபிப்பிராயம். டைம்ஷீட்டில் எழுத முடியாவிட்டால் தனியாக ஒரு எக்செலில் எழுதுங்கள், தேதியும் வேலையும் போட்டு. மேனேஜரிடம் அடுத்த எஸ்டிமேட்டுக்கு முன்னால் அதைக் காட்டுங்கள். அப்ரைசலிலும் பயன்படும், அது வேறு.

உங்கள் கணக்கில் இன்னொன்றைக் கவனித்தீர்களா? 45 கூட்டல் 10, வாரத்துக்கு 55 மணி நேரம். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்கிறவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ செய்கிறவர்களுக்குப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும், இதய நோயால் சாகிற அபாயம் 17 சதவீதமும் அதிகம் என்று அது சொன்னது. நீங்கள் சரியாக அந்தக் கோட்டின் மேல் நிற்கிறீர்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. இரண்டு மூன்று கால்களை வெட்டினாலே கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிடுகிறீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

சட்டம் துணைக்கு வருமா என்றால், கொஞ்சம். 1947-ஆம் வருடத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நாளைக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்கிறது. அதற்கு மேல் செய்தால் இரட்டிப்பு ஊதியம் என்கிறது. ஆனால் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்குப் பொருந்தாது என்றும் அதிலேயே இருக்கிறது. நம் துறையில் மூன்றாவது வருடத்திலேயே ஆளுக்கொரு 'லீட்' பட்டம் கிடைத்துவிடுவதை இதோடு சேர்த்துப் பாருங்கள். 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தம் சட்டசபையில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று வாபஸ் என்று அறிவிக்கப்பட்டது நினைவிருக்கும். சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியது 1923 மே 1. சரியாக நூறு வருடம் கழித்தும் அதே எட்டு மணி நேரத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். வேலை முடிந்த பிறகு வரும் அழைப்பை எடுக்காமல் இருக்கும் உரிமை பிரான்சில் 2017 முதலும், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும் சட்டத்தில் இருக்கிறது. நமக்கு அது வரும் வரை ஆறு வரி மெயில்தான்.

70 மணி, 90 மணி என்று பெரிய மனிதர்கள் சொன்னதைப் பற்றி இரண்டு வார்த்தை. 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான நாராயணமூர்த்தி வாரத்துக்கு 70 என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் 90 என்று பேசிய வீடியோ சுற்றியது, மனைவி முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்ற கேள்வியோடு. அவர்கள் அப்படி உழைத்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. கம்பெனி ஆரம்பித்தவருக்கு எழுபதாவது மணி நேரத்தின் பலன் அவர் பங்குகளில் சேர்கிறது. உங்கள் எழுபதாவது மணி நேரம், மேலே பார்த்தோமே, டைம்ஷீட்டில் கூடச் சேர்வதில்லை.

இனி வீடு. அலுவலகத்தைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு இதைத் தொடாமல் விட்டால் நான் பாதிப் பதில்தான் சொன்னதாகும். உங்கள் கேள்வியில் மனைவி வங்கியில் வேலை பார்க்கிறார் என்று ஒரு வரி இருக்கிறது. நீங்கள் எட்டரை மணிக்குக் கதவைச் சாத்திக்கொள்ளும்போது வெளியே மகளுக்குச் சோறு ஊட்டுவது, வீட்டுப்பாடம், டைரியில் கையெழுத்து, மறுநாள் சீருடை, இவையெல்லாம் நடக்கின்றன அல்லவா? அவரும் காலையிலிருந்து கவுன்ட்டரில் நின்றுவிட்டு வந்தவர்தான். 2024-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தாலே, பெண்கள் நாளைக்கு 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் அதற்குச் செலவிட்டிருக்கிறார்கள். நம்மில் பல பேர் ஆபீஸை இவ்வளவு வருடம் தாக்குப்பிடித்ததே அந்த 289-இன் தயவில்தான். நீங்கள் கேட்கும் சமநிலை உங்களுக்கு மட்டும் வந்து, வந்த நேரத்தில் நீங்கள் சோபாவில் சாய்ந்தால், வீட்டில் யாருக்கும் ஒன்றும் மாறியிருக்காது.

"நான் நிறைய உதவி செய்கிறேன்" என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மனைவி ஒரு நாள் நிதானமாகக் கேட்டார்: "உதவின்னா, வேலை யாரோடது?" பதில் இல்லை. காய் வாங்கி வருவேன், ஆனால் என்ன காய் தீர்ந்தது என்று அவர் பார்த்துச் சொல்லவேண்டும். கேஸ் புக் பண்ணுவேன், ஆனால் எப்போது பண்ணவேண்டும் என்பது அவர் தலையில். கை வேலை எனக்கு, ஞாபகம் அவருக்கு. சோர்வு பெரும்பாலும் அந்த ஞாபகத்தில்தான்.

அன்றிலிருந்து ஒரு வேலையை முழுசாக எடுத்துக்கொண்டேன்: மாவு. இட்லி அரிசி தீரப்போகிறது என்று கவனிப்பதிலிருந்து கடைசிக் கரண்டி தோசை வரை என் துறை. நாலுக்கு ஒன்று, கொஞ்சம் வெந்தயம். சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு ஊறப்போட்டால் ஐந்து மணிக்குக் கிரைண்டர். முதலில் உளுந்து; தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அரைக்கவேண்டும், ஒரேயடியாக ஊற்றினால் பொங்காது. அப்புறம் அரிசி. கையால் கலக்கி உப்புப் போட்டு மூடிவைத்தால், சித்திரையில் ஆறு மணி நேரத்தில் பாத்திரத்துக்கு வெளியே வந்து நிற்கும். மார்கழியில் காலை வரை காத்திருந்து, அப்போதும் சந்தேகமாகத்தான் எழும்பியிருக்கும். ஆரம்பத்தில் இரண்டு முறை புளித்துப்போய்க் கொட்டினோம், ஒரு முறை கல் மாதிரி இட்லி. என் மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை, கையும் வைக்கவில்லை. அதுதான் அவர் செய்த பெரிய உபகாரம்.

நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. சனிக்கிழமை ஐந்து மணிக்கு என்னால் கால் எடுக்க முடியாமல் போனது. உளுந்து எஸ்கலேஷனுக்கெல்லாம், அதாவது மேலிடம் வரை போன புகாருக்கெல்லாம், காத்திருக்காது, ஊறியது ஊறியதுதான். "அஞ்சு மணிக்கு முடியாது, ஆறரைக்குப் பேசலாம்" என்று சொல்ல ஆரம்பித்தேன், காரணம் சொல்லாமல். யாரும் கேட்கவும் இல்லை. அத்தனை வருடம் "குடும்பத்தோடு இருக்கவேண்டும்" என்ற பொதுவான ஆசை காக்காத ஒரு மணி நேரத்தை, கிரைண்டர் காத்தது. நீங்களும் அப்படி நேரம் குறித்த ஒரு வீட்டு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், தள்ளிப்போட முடியாததாகப் பார்த்து.

வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களுக்கு ஒரு சின்ன விஷயம். ஓ.எம்.ஆர். டிராஃபிக்கை நாம் திட்டாத நாள் இல்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரம்தான் ஆபீஸ் ஆளை வீட்டு ஆளாக மாற்றிக்கொண்டிருந்தது என்று கொரோனா காலத்தில்தான் தெரிந்தது. படுக்கையறைக் கதவைத் திறந்தால் உடனே அப்பாவாக இருக்கவேண்டும் என்றால் யாராலும் முடியாது. சிடுசிடுப்போடுதான் வெளியே வருவோம். வேலை முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். பத்து நிமிடம் போதும்.

அதே மாதிரி, எல்லா வாரமும் ஒரே மாதிரி இருக்காது என்பதை இரண்டு பேரும் ஒப்புக்கொண்டுவிட்டால் பாதிச் சண்டை குறையும். உங்கள் மனைவிக்கு மார்ச் கடைசி இரண்டு வாரம் ஆண்டுக் கணக்கு முடிப்பு. அந்த நாட்களில் வீடு முழுக்க உங்களுடையது. அப்போது உங்கள் பக்கம் புது மென்பொருள் ரிலீஸ் வராமல் ஜனவரியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் க்ளையன்ட் சில்லறை வணிகம் என்றால், நவம்பர் கடைசியிலிருந்து வருடப் பிறப்பு வரை மென்பொருளில் கை வைக்கவே விடமாட்டார்கள், ஃப்ரீஸ். மகளுக்கு அரையாண்டு விடுமுறையும் டிசம்பர் கடைசியில்தான். லீவுக்கு விண்ணப்பம் செப்டம்பரிலேயே போய்விடவேண்டும். டிசம்பரில் எல்லோருக்கும் அத்தை வீட்டுக் கல்யாணம் வந்துவிடும்.

வேலையை விடலாமா என்றீர்கள். மேலே சொன்னதை மூன்று மாதம் செய்து பாருங்கள். கேட்டதற்காகவே மேனேஜர் உங்களை ஓரங்கட்டினால், அங்கே இருக்கவேண்டியதில்லை. ஆனாலும் ராஜினாமா கடிதத்துக்கு முன்னால் அதே கம்பெனிக்குள் க்ளையன்ட்டை மாற்றப் பாருங்கள். லண்டனில் காலை ஒன்பது என்றால் நமக்கு கோடையில் 1.30, குளிர்காலத்தில் 2.30, முக்கியமான பேச்செல்லாம் ஏழு மணிக்குள் முடிந்துவிடும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். காலை ஆறரைக்கே உட்காரவேண்டும், ஆனால் மாலை நான்கு மணிக்கு ஊரே உங்களுடையது. தியானம், யோகா எல்லாம் நல்லதுதான், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் நான் பார்த்தவர்களில் உடம்பும் வீடும் தேறியவர்கள் பெரும்பாலும் கிழக்குக் கரை அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு மாறிக்கொண்டவர்கள்தான். சம்பளத்தில் ஷிஃப்ட் அலவன்ஸ் கொஞ்சம் குறையும். அதைத் தாங்குகிற மாதிரி இ.எம்.ஐ. இருக்கிறதா என்று பாருங்கள். ஆறு மாதச் செலவுக்குப் பணம் கையில் இருப்பவன் மேனேஜரிடம் பேசுகிற தொனியே வேறாக இருக்கும். அடுத்த போனஸ் புது காருக்குப் போகவேண்டாம் என்று சொல்வேன்.

கடைசியாக வெள்ளிக்கிழமை. முதலில் இதை மட்டும் செய்யுங்கள், மற்றதெல்லாம் பிறகு. வாராந்திர ஸ்டேட்டஸை வெள்ளி ஐந்தரைக்கு எழுத்தில் அனுப்பிவிடுகிறேன், அன்றைக்குக் கால் வேண்டாம், திங்கள் முதல் வியாழன் வரை நியூயார்க் நேரம் காலை ஒன்பதுக்கு ஒரு மணி நேரம் போதும் என்று ஒரு மெயில். அவர்களுக்கும் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மீட்டிங் ஒன்று குறைந்தால் கசக்காது. அந்த மெயிலை அக்டோபர் மூன்றாவது வாரத்துக்குள் அனுப்புங்கள். நவம்பரில் கடிகாரம் மாறும்போது எப்படியும் எல்லோருடைய காலண்டரையும் திருத்துவார்கள், அந்தத் திருத்தத்தோடு இதுவும் போய்விடும். ஐந்தரைக்கு மெயில், ஐந்தே முக்காலுக்கு டீ, ஆறேகாலுக்கு வண்டியை எடுத்தால் சரியாக இருக்கும். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஆன்-கால் வேறு ஒருவர்.